காலால் தள்ளிய கண்ணாடி, கம்பியால் அறுக்கும் கண்ணாடி

அம்பாசடர் காரின் முன் கண்ணாடியைக் கழற்றுவதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெக்கானிக் முதலில் வைப்பர் இரண்டையும் எடுத்து ஓரமாக வைப்பார். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுவார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டில் மல்லாந்து படுத்து, இரண்டு பாதங்களையும் கண்ணாடியின் மேல் மூலையில் ஊன்றி மெதுவாக உந்துவார். வெளியே பட்டறைப் பையன் கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். ரப்பர் ஒரு மூலையில் பிதுங்கும். அங்கிருந்து வரிசையாகக் கழன்றுகொண்டே வரும். கடைசியில் பீடிங்கோடு சேர்ந்து கண்ணாடி முழுசாகப் பையன் கைக்கு வந்துவிடும்.

இன்றைய காரில் இந்த வித்தை பலிக்காது. நாலு பேர் உள்ளே உட்கார்ந்து உதைத்தாலும் கண்ணாடி இடத்தைவிட்டு அசையாது. இன்னும் பலமாக உதைத்தால் உடையும். உடைந்த பிறகும் அசையாது. இத்தனைக்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் விரல் அகலத்துக்கு ஓடும் ஒரு கறுப்புப் பசைக் கோடு. அந்தக் கோட்டை ஒரு மெல்லிய எஃகுக் கம்பியால், இரண்டே ஆட்கள், பெரிய மூச்சுமுட்டல் இல்லாமல் அறுத்துவிடுகிறார்கள். நாலு ஜோடிக் கால்களுக்கு மசியாத பசை, ஒரு கம்பிக்கு ஏன் வழிவிடுகிறது?

பசையைத் தொடுவதற்கு முன்னால் கண்ணாடி ஏன் உடைகிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கண்ணாடியின் உடம்பு முழுக்க சிலிக்கான் அணுக்களும் ஆக்ஸிஜன் அணுக்களும் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடி லேசுப்பட்டதல்ல. அதை விடுவிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கண்ணாடி நாம் அன்றாடம் புழங்கும் எஃகைவிட வலுவாக இருக்க வேண்டும். நிஜத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி அந்தக் கணக்கில் நூறில் ஒரு பங்கு சுமைக்கே உடைந்துபோகிறது. கணக்கில் பிசகா, கண்ணாடியில் பிசகா?

இதைக் கையில் எடுத்தவர் ஏ. ஏ. கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த இளம் பொறியாளர். அவருடைய உண்மையான கவலை உலோகப் பாகங்களில் விழும் கீறல்கள் பற்றியது. ஆனால் உலோகம் வளையும், நெளியும், இழுபடும். கண்ணாடி அப்படி மழுப்பாது, உடைந்தால் உடைந்தது. ஆகவே சோதனைக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அதை உருக்கி இழைகளாக இழுத்து ஒவ்வொன்றிலும் சுமையேற்றி அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் வலு கூடிக்கொண்டே போயிற்று. ஒரு மில்லிமீட்டர் இழையையும், மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள இழையையும் ஒப்பிட்டால், ஒரே குறுக்குப் பரப்புக்கு மெல்லிய இழை சுமார் 20 மடங்கு சுமை தாங்கியது. பொருள் ஒன்று, வலு வேறு. அப்படியானால் தடித்த இழையில் இருக்கிற ஏதோ ஒன்று மெல்லியதில் இல்லை. அந்த ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் என்றார் கிரிஃபித்.

இத்தனூண்டு கீறல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டும். இரண்டு மீட்டர் அளந்ததும் கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் அரை அங்குலம் நறுக்குவார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பார். அந்த நறுக்கு இல்லாமல் அதே துணியைக் கிழிக்க முயன்றால் கைதான் வலிக்கும். நறுக்கு விழாத துணியில் இழுக்கும் விசையை அகலம் முழுவதும் இருக்கும் நூல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நறுக்கியதும், அறுந்த நூல்களின் பங்கும் சேர்ந்து நறுக்கின் நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்களின் தலையில் விழுகிறது. அவை அறுந்தால் அந்தச் சுமை அடுத்த நூலுக்கு. கடைக்காரர் துணி முழுவதோடும் மல்லுக்கட்டவில்லை. ஒரு நேரத்தில் ஒரு நூலைத்தான் அறுக்கிறார்.

ஒரு பரப்பின் மீது பரவி நிற்கும் விசையைத் தகைவு என்கின்றன நம் பாடநூல்கள். அது ஒரு நுனியில் போய்க் குமிவதைத் தகைவுக் குவிவு எனலாம். தகட்டில் ஓட்டை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு எத்தனை மடங்காகும், ஓட்டை ஒடுங்கி விரிசல் போலானால் எவ்வளவு எகிறும் என்பதைக் கப்பல் கட்டுபவர்களுக்காக 1913இல் கணக்கிட்டுக் காட்டியவர் சி. இ. இங்கிலிஸ். கிரிஃபித் அடுத்த படிக்குப் போனார். கண்ணாடிக் குமிழ்களிலும் குழாய்களிலும் வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் விரிசல் போட்டு, உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து வெடிக்கவைத்தார். விரிசலின் நீளம் நாலு மடங்கானால், உடைக்கத் தேவையான தகைவு பாதியாகக் குறைந்தது. அதாவது விரிசல் வளர வளர, மேலும் வளர்வது அதற்குச் சுலபமாகிக்கொண்டே போகிறது. இந்த முடிவுகளை 1920இல் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1921இல் அச்சில் வந்தது. உடைவைப் பற்றிய அறிவியல் முழுவதும் அந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்தது என்றால் மிகையில்லை.

அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு. ஒருநாள் மாலை அவருடைய உதவியாளர் கண்ணாடி உருக்கும் கேஸ் ஜுவாலையை அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார், தீப்பிடித்தது, விசாரணை நடந்தது, கண்ணாடியோடு விளையாடியது போதும் என்று உத்தரவு வந்தது என எழுதியிருக்கிறார் பொருளறிவியலாளர் ஜே. இ. கார்டன். கிரிஃபித்தை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அங்கே போய் அவர் ஜெட் எஞ்சின் வடிவமைப்பில் பெயர் வாங்கினார்.

இப்போது நெடுஞ்சாலைக்கு வருவோம். முன்னால் போகும் லாரியின் டயர் ஒரு ஜல்லியைக் கிளப்பி உங்கள் கண்ணாடியில் அடிக்கிறது. பொட்டு அளவுக்கு ஒரு சில்லு தெறிக்கிறது. வாரக்கணக்கில் அது அப்படியே கிடக்கும், நமக்கும் பழகிவிடும். பிறகு ஒரு மத்தியானம், வெயிலில் வெந்துகொண்டிருந்த காருக்குள் ஏறி ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும், பொட்டிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுக் கண்ணாடியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடிவிடும். ஒரு பக்கம் குளிர்ந்து சுருங்க, மறுபக்கம் சூட்டில் விரிந்து நிற்க, இடையில் எழும் தகைவு சில்லின் நுனியைத் தேடிப் பிடிக்கிறது. நறுக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இழுக்க ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் விரிசல் ஊர்வதும் கற்பனை இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் இருந்த வீடர்ஹார்ன், 1967இல் வெளிவந்த ஆய்வில், கண்ணாடியில் விரிசல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வெவ்வேறு ஈரப்பதத்தில் அளந்து காட்டினார். காற்றில் ஈரம் கூடக்கூட, அதே சுமையில், விரிசலின் வேகமும் கூடியது. நீர் மூலக்கூறு விரிசலின் நுனிக்குள் நுழைந்து, அங்கே விறைத்து நிற்கும் சிலிக்கான்–ஆக்ஸிஜன் பிணைப்போடு வினைபுரிந்து அதை அவிழ்த்துவிடுகிறது. சில்லு விழுந்ததும் அதில் பிசின் இட்டு நிரப்பச் சொல்வது இதனால்தான். பிசின் நுனிக்குள் இறங்கி விரிசலின் இரு சுவர்களையும் ஒட்டிவிடும், ஈரத்துக்கும் வழியை அடைத்துவிடும். கோடு ஓடிய பிறகு பிசினால் பயனில்லை. கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்ற வேண்டிய அந்தக் கண்ணாடி உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் தாள், முக்கால் மில்லிமீட்டர். லேமினேட்டட் கிளாஸ் என்று பட்டறையில் சொல்வார்கள். நாம் அடுக்குக் கண்ணாடி எனலாம். இரண்டு தகடுகளையும் ஒன்றாக வைத்து உலையில் வளைக்கிறார்கள், அப்போதுதான் இரண்டின் வளைவும் பிசகாமல் பொருந்தும். நடுவில் வைக்கும் தாள் ஆரம்பத்தில் சொரசொரப்பாக, மங்கலாகத்தான் இருக்கும். சுமார் 140 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தில் வைத்து எடுத்த பிறகே அது கண்ணாடியோடு ஒட்டித் தெளிகிறது. பழைய கார்களில் கண்ணாடியின் ஓரம் பால்போல வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். ஓரத்தின் வழியே ஈரம் புகுந்து அந்தத் தாளைக் கெடுத்ததன் அடையாளம் அது.

இந்த யோசனைக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் பிரெஞ்சு வேதியியலாளரும் ஓவியருமான எதுவார் பெனடிக்டஸ். 1903இல் அவர் கைதவறிக் கீழே விழுந்த குடுவை ஒன்று விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே காய்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909இல் காப்புரிமை பெற்றார். அந்தப் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும் என்பதால், பின்னால் வேறு பிளாஸ்டிக்குகளைப் பார்த்து, 1930களின் கடைசியில் இன்றைய தாளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பக்கக் கண்ணாடி வேறு சாதி. பெரும்பாலான கார்களில் அது ஒற்றைத் தகடு. உலையில் சூடேற்றிக் காற்றை வீசி மேற்பரப்பைச் சட்டென்று குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பின்னால் சுருங்கும்போது தோலை உள்நோக்கி இழுத்து அமுக்கி வைக்கும். தோலில் இருக்கும் கீறல்களெல்லாம் வாய்மூடிய நிலையில் கிடப்பதால் வலு பல மடங்கு கூடுகிறது. கூர்முனை ஒன்று அந்தத் தோலைத் துளைத்துவிட்டால், அடக்கி வைத்த தகைவு முழுவதும் அவிழ்ந்து கண்ணாடி ஒரே நொடியில் கற்கண்டாக உதிரும். விபத்தில் சிக்கினால் சுத்தியலால் பக்கக் கண்ணாடியைத் தட்டச் சொல்வதும் முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதும் இதை வைத்துத்தான். ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடி இப்படி உதிர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று நம் மோட்டார் வாகன விதிகள் வலியுறுத்தும் காரணமும் புரியும்.

சரி, வீட்டு வாசலில் கழற்றலாமா?

உங்கள் வண்டி அம்பாசடர், பழைய ஃபியட், பழைய ஜீப் இந்த ரகம் என்றால், தாராளமாக. ரப்பர் பீடிங்கில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் கண்ணாடியின் விளிம்பு உட்காரும், இன்னொன்றில் காரின் தகரவிளிம்பு. கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தகரத்தின் மேல் மடிந்து நிற்கும் ரப்பர் உதடு மட்டுமே. அதை மொத்தமாக ஒரே நேரத்தில் கழற்ற வேண்டியதில்லை. ஒரு மூலையில் தொடங்கிவிட்டால் போதும். மெக்கானிக் மூலையில் கால் வைத்தது இந்தக் கணக்கில்தான். ஒரு முழம் ரப்பர் தகரத்தைத் தாண்டியதும், மிச்சம் தானாக அந்த வரிசையில் வரும். மூலையிலிருந்து தொடங்காமல் நடுவில் மிதித்தால் கண்ணாடிதான் வளையும். வளைந்த கண்ணாடி ஓரத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொடிச் சில்லைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியின் பலவீனமான இடம் எப்போதும் விளிம்புதான், வெட்டிய காயம் அங்கேதான் இருக்கிறது. கழற்றிய கண்ணாடியை விளிம்பு தரையில் படும்படி சிமென்ட் தரையில் நிறுத்தாதீர்கள். பழைய போர்வையையாவது மடித்துப் போடுங்கள்.

மாட்டுவது இன்னும் அழகான வேலை. முதலில் பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டுவிட வேண்டும். தகரம் உட்கார வேண்டிய பள்ளத்துக்குள் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு நுனிகளும் கீழ்ப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று தாண்டித் தொங்கும்படி விட வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை உள்நோக்கி அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றின் நுனியை மெல்ல உருவிக்கொண்டே போனால், அது உருவப்படும் இடத்தில் மட்டும் ரப்பர் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். நாலு மீட்டர் ரப்பரையும் ஒரே சமயத்தில் மடிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. கயிறு அதை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் பிரித்துக் கொடுக்கிறது.

ஒட்டிய கண்ணாடி வேறு கதை. 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அது வசதி, தண்ணீர் ஒழுகாது, காற்று இரையாது என்பதெல்லாம் சின்னக் காரணங்கள். பெரிய காரணம், கண்ணாடி இன்று காரின் உடற்கட்டில் ஓர் உறுப்பாகிவிட்டது. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் பல கார்களில் டேஷ்போர்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் மோதி, அதை முதுகுக்கு வைத்துக்கொண்டுதான் ஆளின் பக்கம் திரும்புகிறது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான அவகாசத்தில் இது நடந்து முடிகிறது. அந்த நேரத்தில் கண்ணாடி வெளியே எகிறிவிட்டால் ஏர்பேக்கும் அதன் பின்னாலேயே வெளியே போகும், ஆளும் போகலாம்.

இதையெல்லாம் ஊகித்துச் சொல்லவில்லை. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சுவரில் மோதவிட்டு, கண்ணாடியின் சுற்றளவில் எத்தனை பங்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 212ஆவது. ஏர்பேக் போன்ற தானியங்கிக் காப்பு உள்ள வண்டியில், நடுக்கோட்டின் இரு பக்கமும் குறைந்தது பாதிச் சுற்றளவாவது பிடி விடாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பிடியைத் தருவது பாலியூரித்தேன் பசை. பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர். (ஆஸ்பிரின் பேயர் நிறுவனத்தின் நிறுவனருக்கும் அவருக்கும் சொந்தமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) குழலிலிருந்து பிதுக்கும்போது இந்தப் பசை பற்பசையைவிடக் கெட்டியாக வரும். அதில் ஐசோசயனேட் என்னும் துடிப்பான வேதிக்கூட்டங்கள் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி, ரப்பராக மாற்றுகின்றன. கண்ணாடியில் விரிசலை ஊரவைத்த அதே ஈரம் இங்கே இறுக்கிக் கட்டும் வேலையைச் செய்கிறது.

இறுகினாலும் இது கல்லாவதில்லை. அதுதான் இதன் சிறப்பு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கண்ணாடியின் வெப்பம் 40 டிகிரி ஏறினால் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். அதே அளவு எஃகு முக்கால் மில்லிமீட்டர் நெருங்கி நீளும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் யாராவது பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்லாக இறுகும் பசை என்றால் கண்ணாடியை உடைத்திருக்கும். பாலியூரித்தேன் இழுபடும், அமுங்கும், மறுபடி பழைய நிலைக்கு வரும். தன் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுத்தால்தான் அறும்.

இப்போது அந்த நாலு ஜோடிக் கால்கள். பசைக் கோட்டின் நீளம் சுமார் 4 மீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒட்டிய பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். நன்றாக இறுகிய பசை சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ தாங்கும். பெருக்கினால் 16 டன். நாலு பேர் உதைத்தால் எத்தனை கிலோ வரும்? நானூறோ ஐநூறோ. அதையும் விறைப்பான கண்ணாடி சுற்றிலும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது, இழுபடும் பசை எந்த ஓர் இடத்திலும் தகைவைக் குவிய விடாமல் பரப்பிவிடுகிறது. நறுக்காத துணியை இழுப்பதுபோல.

கம்பி செய்வது நறுக்கு. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிமனுள்ள எஃகுக் கம்பி பசையைக் குறுக்காகக் கடக்கும்போது அது தொடும் பரப்பு சதுர சென்டிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் 20 கிலோ இழுவிசை கொடுத்தால் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். பசை தாங்கும் அளவைப் போல் ஏழெட்டு மடங்கு. 16 டன் பிடியைத் தோற்கடிப்பது பலம் இல்லை, இடத்தைச் சுருக்கும் தந்திரம்.

வேலை நடக்கும் விதம் இது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பது முதல் காரியம். ஓரத் தூண்களின் பிளாஸ்டிக் மூடிக்குள் பல கார்களில் ஏர்பேக் ஒளிந்திருக்கிறது. வைப்பர், அதன் கீழேயுள்ள மூடி, ஓரத் தூண் மூடிகள், உள்ளே தொங்கும் கண்ணாடி எல்லாம் வந்தாக வேண்டும். டேஷ்போர்டைக் கம்பளியால் மூடிவிட்டு, நீளமான ஊசியால் பசையை ஒரு மூலையில் துளைத்து, முறுக்கிய கம்பியைக் கோத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று ரம்பம்போல் இழுக்கிறார்கள். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் உராய்வில் கம்பி சூடேறி அறும். அறுந்த நுனி முகத்தில் அடிக்கும் என்பதால் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சுற்றி வந்த பிறகு பன்னிரண்டு பதினைந்து கிலோ எடையுள்ள கண்ணாடியை உறிஞ்சுப் பிடிகளால் தூக்குகிறார்கள். கேஸ் அடுப்பு, புளோ லாம்ப் எதையும் வைத்துப் பழைய பசையை எரிக்காதீர்கள். பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு உட்பட விஷ வாயுக்கள் கிளம்பும்.

கழற்றியதும் புதியவர்கள் செய்யும் தவறு, தகரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையை வெள்ளைத் தகரம் தெரியச் சுரண்டி எடுப்பது. சுத்தமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அப்போதே வெட்டிய பழைய பாலியூரித்தேன்தான் புதிய பாலியூரித்தேனுக்கு மிக நல்ல அடித்தளம். ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவுவதே முறை. தகரத்தில் கத்தி கீறிய இடத்துக்கு உடனே பிரைமர் அடிக்காவிட்டால் பெயின்ட்டுக்கு அடியில் துரு புகும். துரு உரிந்து வரும்போது அதன்மேல் ஒட்டிய பசையும் சேர்ந்து வரும். பசை விடவில்லை, தகரம் விட்டுவிட்டது என்பார்கள்.

கண்ணாடியின் ஓரத்தில் ஓடும் கறுப்புப் பட்டையையும் மறக்கக் கூடாது. அது பெயின்ட் அல்ல; கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு. பாலியூரித்தேனுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. பட்டை அதற்குக் குடை பிடிக்கிறது. பட்டை முடியும் இடத்தில் சிறுத்துக்கொண்டே போகும் புள்ளிகள் எதற்கு என்று குழந்தைகள் கேட்பார்கள். கறுப்பு, தெளிவான கண்ணாடியைவிட வேகமாகச் சூடேறும். உலையில் வளைக்கும்போது அந்த எல்லையில் வெப்பம் சட்டென்று மாறினால் கண்ணாடி நெளிந்து காட்சி கோணலாகும். புள்ளிகள் அந்த மாற்றத்தைப் படிப்படியாக ஆக்குகின்றன.

வீட்டுக் கணக்கு பொய்க்கும் இடம் பசையின் நேரம்தான். அது வெளித்தோலிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது, ஈரம் அந்த வழியில்தான் உள்ளே போக முடியும். இறுகிய தோல் தடிக்கத் தடிக்க, ஈரத்துக்குப் பாதை நீண்டுகொண்டே போகும். பசைக் கோட்டைக் குறித்த நேரங்களில் குறுக்கே வெட்டி இறுகிய பகுதியை அளந்தால், முதல் நாளில் மூன்று நாலு மில்லிமீட்டர் தெரியும். அதன் இரு மடங்கு இறுக இரண்டு நாள் போதாது, ஏறக்குறைய நாலு நாள் வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டதுபோல் இருக்கும் பசை உள்ளே களியாக இருக்கலாம். சென்னை போன்ற கடலோரத்தில் ஈரம் தாராளம், வேலை சீக்கிரம் முடியும். வறண்ட குளிர்கால ஊர்களில் தாமதமாகும். சீக்கிரம் ஆகட்டும் என்று தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் வினையில் வெளியாகும் கார்பன் டை ஆக்ஸைடு பசைக்குள் குமிழ்விடும், பிடி கெடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பீடிங் வண்டியை நீங்களே கழற்றி மாட்டலாம். ஒட்டிய கண்ணாடியைக் காயலான் கடைக்குப் போகும் வண்டியிலிருந்தோ, துரு பார்ப்பதற்காகவோ கழற்றலாம். ஆனால் ஆட்களோடு சாலையில் ஓடப்போகும் வண்டியில் மாட்டும் வேலையைத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். விட்டுவிட்டுச் சும்மா நிற்காதீர்கள். பசைக் குழலின் காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்குள் தீர வேண்டிய சரக்கு. கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கண்ணாடியில் கேமரா இருந்தால், புதியதில் அதை அளவு பார்த்துச் சீர்செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பதைப் பசைத் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் முழுவதும் ஒரு பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்று, இன்னும் இறுகாத பசையை வெளிப்பக்கம் தள்ளிவிடும்.